பன்னிரண்டு செக்கன்

வவுனியா ஆசுப்பத்திரியில் வெட்டி எடுத்தது
குன்றிமணி அளவில் ஒரு கட்டி.
வைச்சது நெல்லளவில் ஒரு கருவி.
நெல்லுக்குள்ள ஆறு குரல் இருக்கு,
விருப்பமானதைச் சொல்லுங்கோ எண்டா நேர்ஸ்.
சொல்லுறதுக்குக் குரல் இல்லை.
விரலைக் காட்டினன். மூண்டு.

மூண்டாம் குரல் செய்தி வாசிக்கும்.
கள்ளப்பாட்டுக் கரையில், விடிய ஐஞ்சரைக்கு,
பாரைக் கூடைக்கு முன்னால நிண்டு
இருபத்தாறு வருசம் மீன் கூறின நான்
வானிலை அறிக்கை மாதிரிப்
பதினோராயிரம் எண்டன்.
காகம்கூடத் திரும்பிப் பார்க்கேல்லை.
லொறிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிண்டினம்,
பரிசளிப்பு விழாவுக்கு வந்த மாதிரி.
சூடை விலைக்கு அறக்குளா போச்சு.
சம்மாட்டி அலோசியஸ் மண்ணை உதைச்சான்:
"இவவுக்கு ஆரோ மரியாதையை ஊசியில ஏத்திப்போட்டாங்கள்!"

பழைய குரலில ஒரு துண்டு கிடைச்சால்
நெல் அதைக் கேட்டு முளைக்கும் எண்டது கொம்பனி.
பத்துச் செக்கன் காணும்.
தேடினம்.
மூத்தவளின்ர கலியாண வீடியோவில
நான் வாயசைக்கிறன், மேல பாட்டுப் போட்டிருக்கு.
மருமகன்ர போனில நான் இருமுறன்.
இத்தனை வருசம் கரைக்கே கேட்ட தொண்டை
ஒருத்தர் கையிலயும் இல்லை.

முள்ளியவளைச் சிவபாதத்தைத் தவிர.
மூண்டு வருசத்துக்கு முந்தின சண்டைக்குச் சாட்சியாய்
அவர் பதிஞ்சு வைச்சிருந்தார்:
தன்ர கை உயர உயரக் காணாத மாதிரி
என்ர தம்பிக்கு நான் விழுத்தின ஏலம்.
"ஒருதரம், ரெண்டுதரம்,
ஒருத்தரும் இல்லையோ,
மூண்டுதரம்!"
பன்னிரண்டு செக்கன்.
ஒருத்தரும் இல்லையோ எண்ட இடத்தில
அவரைத்தான் பார்த்துக்கொண்டு நிக்கிறன்.

கேட்ட உடன தந்தார்.
காசு கேக்கேல்லை. அதுதான் குத்தினது.

முளைச்சது.
கரகரப்பு, மூச்செடுக்கிற இடம், எல்லாம் என்ர.
கரை திரும்பவும் என்னைத் திட்டினது, சந்தோசமாய்.
கணவாய்க்கு அடிபட்டினம்.
ஆனால் நெல்லுக்கு ஏலத்தைத் தவிர
வேற பாசை தெரியாது.
தேத்தண்ணி கேட்டால் வீடு பதறும்.
செத்தவீட்டில துக்கம் விசாரிச்சன்,
பிரேதத்துக்கு விலை சொன்ன மாதிரி இருந்தது.
ஒரு இரவு மனுசனிட்டக் கிட்ட வாங்கோ எண்டன்.
பக்கத்து வளவு நாய் விடியுமட்டும் குரைச்சது.

பெரிய வியாழன், பாவசங்கீர்த்தனம்.
மரக்கூட்டுக்குள்ள முழந்தாளில நிண்டு
கம்பிவலையோட வாயை வைச்சு
மெதுவாய்த் தொடங்கினன்.
மெதுவாய் எண்ட ஒண்டு அதுக்குள்ள இல்லை.
"கண்டனான் சுவாமி! அவற்ர கை உயர்ந்ததை
நான் கண்டனான்!"
தகரக்கூரை அதை வாங்கிக் கோயில் முழுக்கக் கொட்டினது.
வரிசையில நிண்ட சனம்.
வெளியில ஐஸ்பெட்டி ஏத்தின பெடியள்.
ரோட்டுக்கரையில, லொறிக்குள்ள, சிவபாதம்.

சுவாமி கனநேரம் பேசேல்லை.
பிறகு கேட்டார்,
"வேற ஏதும் இருக்கோ?"
இருந்தது.
ஆனால் ஊர் முழுக்கக் காது.

உயிர்ப்பு ஞாயிறு கழிஞ்ச திங்கள்.
சிவபாதம் முன்னுக்கு நிண்டார்,
போன் பொக்கற்றுக்குள்ள.
விளைமீன் கூடை.
ஒருதரம் எண்டன். ரெண்டுதரம்.
ஒருத்தரும் இல்லையோ
எண்ட இடம் வர, குரல் தன்ர பாட்டுக்கு
மூண்டுதரத்துக்குப் பாயப் பார்த்தது.
அங்க அதுக்கு மூச்செடுக்க இடமில்லை,
நான் அண்டைக்கு விடேல்லை.
வாயைப் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்தன்.

அவர் கையை உயர்த்தேல்லை.
சிரிச்சுக்கொண்டு நிண்டார்.
நானும் நிண்டன்.
லொறிக்காரன் ஒருத்தன் கோன் அடிச்சான்.
மீனில ஈ குந்தத் தொடங்கீற்றுது.