பன்னிரண்டாம் கட்டம்

கணபதியில் என் பட்டறை
மாதம் எண்ணூறு இம்பெல்லர் வார்க்கிறது.
தண்ணீர் எங்கே நுழையும், எங்கே திரும்பும்,
எந்த இடத்தை முதலில் அரிக்கும் என்று
விரல் வைத்துக் காட்டுவேன்.
அப்படிப்பட்ட என்னிடம்தான்
அவிநாசி ரோடு ஷோரூமில்
இஸ்திரி மடிப்புக் கலையாத பையன்
டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினான்:
வாட்டர் பம்ப்,
ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம்.
வரி தனி.

'உள்ளே இருக்கறது பிளாஸ்டிக் விசிறிதானே தம்பி?'
'அது கம்பெனி பார்ட்டுங் மேம்.'
காப்பி வந்தது. நல்ல காப்பி,
அதைக் குறை சொல்ல மாட்டேன்.
கண்ணாடிச் சுவருக்கு அப்பால்
என் சிவப்பு வண்டி லிப்டில் ஏறி நின்றது
அடிவயிறு தெரிய.
பக்கத்தில் போய்ப் பார்க்கக் கூடாதாம்.
பிரசவ வார்டு வாசலில்கூட
இத்தனை கண்டிப்பு இல்லை.

பதினாறு வயசு வண்டி.
ரெண்டே சீட்டு, எஞ்சின் முதுகுக்குப் பின்னால்.
சாய்பாபா காலனி டாக்டரிடம் வாங்கியபோது
சர்வீஸ் புத்தகத்தில் பதினோரு முத்திரை,
கோணாமல், நீல மையில்.
'முத்திரைக்குத்தானுங் விலையே' என்றார் புரோக்கர்,
கண்ணபுரம் சந்தையில்
மாட்டுக்குச் சுழி பார்ப்பவர் மாதிரி.

டெரன்ஸின் ஷெட் போத்தனூரில்,
ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால்.
ஏசி இல்லை. காப்பி இல்லை.
பம்பைக் கழற்றி என் கையிலேயே கொடுத்தான்.
பேரிங் ஆடியது. விசிறியில் மூன்று இறக்கை காணோம்.
'அந்த மூணும் உள்ளதான் எங்கயோ சுத்துதுங்க்கா.
தேடோணும்.'
ஷோரூம் எஸ்டிமேட்டில் தேடுவதற்கு வரி கிடையாது.
இவன் ரெண்டு நாள் தேடினான்,
குழாய் குழாயாக ஊதி.
ரெண்டு துண்டு வளைவில் கிடந்தது,
மூன்றாவது தெர்மோஸ்டாட்டில் குத்திக்கொண்டு.
மொத்தம் நாற்பத்தோராயிரம்.
பாதிக்குத்தான் பில்.

இதோடு முடிந்திருந்தால்
எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பத்தாம் நாள் ராத்திரி
கிணத்துக்கடவு தாண்டி
சூட்டு முள் ஏறியது.
பதற்றத்தில் முன்மூடியைத் திறந்தேன்,
அங்கே பை வைக்கும் குழிதான்.
ஷோரூமுக்கு அடித்தால்
ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சொல்லும்.
டெரன்ஸுக்கு அடித்தேன், திட்டத்தான்.
அவன் என்னைப் பேச விடவில்லை:
'போல்ட் ஒண்ணு டிரேயில கெடக்குதுங்க்கா.
இப்பத்தான் பாத்தேன். எங்க நிக்கிறீங்க?'

ஒரு மணி நேரத்தில் வந்தான்.
சட்டைப் பையில் அந்தப் போல்ட்,
கையில் கூலன்ட் கேன்.
டார்ச்சை நான் பிடித்தேன்.
ரெண்டு பேரும் பேசவில்லை.
தேங்காய் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

கோபம்தான். இப்பவும் கொஞ்சம் இருக்கிறது.
ஆனால் ஊசித்துளை விழுந்த நாற்பது உருப்படி
என் பட்டறையிலிருந்து ராஜ்கோட் போனபோது
போன் போட்டுச் சொல்ல
எனக்கு மூன்று நாள் ஆனது.

அவனிடம் முத்திரை இல்லை.
பன்னிரண்டாம் கட்டத்தில் பேனாவால் எழுதினான்,
கோட்டைத் தாண்டி அடுத்த கட்டத்தில் வழிய:
'பம்ப், தெர்மோஸ்டாட் புதுசு.
போல்ட் ஒண்ணு விட்டுப்போச்சு.
பத்து நாள் கழிச்சுப் போட்டது. டெரன்ஸ்.'

போன மாதம் ஈரோட்டிலிருந்து ஒரு ஜவுளிக்காரர் வந்தார்.
பதினோரு முத்திரையையும்
நோட்டு எண்ணுகிற வேகத்தில் தள்ளினார்.
பன்னிரண்டில் நின்றார்.
வாய்விட்டுப் படித்தார். சிரித்தார்.
மூன்று லட்சம் குறைத்துக் கேட்டார்.

'விக்கறதா இல்லீங்' என்றேன்.
பிறகு எதற்கு அவரை வரச் சொன்னேன்
என்று எனக்கே தெரியவில்லை.

தை மாதம் பிரேக் வேலை இருக்கிறது.
பிரேக்குக்கு மட்டும்
ஷோரூமிலேயே விட்டுவிடலாமா என்று
நேற்றும் கொஞ்ச நேரம் யோசித்தேன்.