நாய் இல்லாத வீட்டில் நாய் பிஸ்கட்

ஓஸ்ட்ராவாவில்
நான் ஓட்டும் டிராம் திரும்பும் வளைவில்
ஒரு செல்லப்பிராணிக் கடை.
மாதம் இருமுறை அங்கே நாய் பிஸ்கட் வாங்குகிறேன்.
என்னிடம் நாய் கிடையாது.

கோழியா மீனா என்பாள் கடைக்காரப் பெண்.
எதில் புரதம் அதிகமோ அது.
பெயர் என்ன என்றாள் ஒருநாள்.
வாய்க்கு வந்தது: பிரோக்.
ஒன்றுதானா?
இரண்டு, என்றேன்.

பிரோக்குக்கு ஆறு கால். கண் இல்லை.
வெண்ணெய் நிறத்தில் சுருண்டு கிடப்பான்,
ஆப்பிரிக்க வண்டாகப் போகிறவன்,
எங்கள் வீட்டுக் கொதிகலன் பக்கத்தில்,
மூடியில் ஊசித்துளை போட்ட டப்பாவில்.

மெத்தைக்கும் சோற்றுக்கும் ஒரே பொருள்:
மக்கிய பீச் மரம், கையால் பொடித்தது,
மலையடிவாரத்தில் பொறுக்கிய இலை.
உண்ணி சாக இரண்டு நாள் உறைபெட்டியில் வைத்தேன்.
பிளம்ஸ் உருண்டைப் பையை நகர்த்தி
ஒட்டீலியே கேட்டாள்,
"இன்றைக்கு ராத்திரிக்கு எது?"

இலை மட்டும் போதாது என்றான் லிபோர்,
புழுக்களைக் கொடுத்தவன், பணிமனையில் பிரேக் பார்ப்பவன்.
வாரம் இருமுறை பிஸ்கட் புதை.
மிச்சத்தை எடு, பூஞ்சை பிடிக்கும்.
டப்பாவுக்கு ஒன்று,
ஒன்றே ஒன்று.

என்னிடம் இருந்தது ஒரு டப்பா.
நாளைக்கு வாங்கலாம் என்றிருந்தேன்.
அப்புறம் பனிப்புயல், தண்டவாளம் உறைந்தது,
ஆள் இல்லை, மூன்று இரவு தொடர்ந்து பணி.
நாலாம் நாள் மண்ணைக் கிளறினால்
ஒரு தலை ஓடு, செம்பழுப்பு, காலியாக.
இன்னொன்று பக்கத்தில்,
கொழுகொழுவென்று, குற்றம் அறியாமல்.

சமையல் தராசில் வைத்தேன்.
ஐம்பத்தெட்டு கிராம்.
இதில் தம்பி எத்தனை கிராம்?
தராசு அதையெல்லாம் பிரித்துச் சொல்லாது.
நோட்டில் ஐம்பத்தெட்டு என்று மட்டும் எழுதினேன்.
பக்கத்தில் ஒரு கோடு இழுத்து
அதை அடித்துவிட்டு
மறுபடி ஐம்பத்தெட்டு.

அடுத்த நாள் டப்பா வாங்கினேன், ஒன்றல்ல, ஆறு.
லிபோரிடம் சொல்லவில்லை.

மே மாதம் அவன் சாப்பிடுவதை நிறுத்தினான்.
இலை அப்படியே. பிஸ்கட் அப்படியே.
இரவெல்லாம் டப்பாவைச் சுற்றிச் சுற்றி,
பிளாஸ்டிக்கில் நகம் கீறும் சத்தம்.
களிமண் பெட்டிக்கு மாற்றினேன்.
ஒரே நாளில் உள்ளே போய்விட்டான்.
இனித் திறக்கக் கூடாது.
கூடு உடைந்தால் கதை முடிந்தது.

பழக்கதோஷம், கடைக்குள் நுழைந்தேன்.
கோழியா மீனா?
வேண்டாம், என்றேன். அவன் சாப்பிடுவதில்லை இப்போது.
மண்ணுக்குள்...
அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள்
அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.
கண்ணில் நீர்.
"இன்னொருவன் இருக்கிறான் அல்லவா," என்றாள்.

ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தாள், காசு வாங்கவில்லை.
டிராமில் முழு வழியும் அதை மடியில் வைத்திருந்தேன்.

ஒட்டீலியே தூங்கிய பிறகு
பெட்டியில் காது வைத்தேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
கொதிகலன் மட்டும்
அணைந்து, பற்றி, அணைந்து.