கேள்வி பதினான்கு

வியாழக்கிழமை எட்டு மணிக்கெல்லாம்
பீடோங் கடைவீதியில், பழைய கூட்டுறவுக் கட்டடத்து மாடியில்
மேசையைப் போட்டுவிடுவேன்.
அழுத்தம் பார்க்கும் கருவி, எடை எந்திரம்,
வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு
மைலோ பொட்டலம் ஒரு பை.

சுவரில் ஒட்டியிருக்கிறது:
நீரிழிவா? மூட்டுவலியா? நாள்பட்ட இருமலா?
இரவில் தூக்கமில்லையா?
நீங்கள் ஓர் ஆய்வில் சேரலாம்.
"இதெல்லாம் இல்லாதவன்
செம்பனைக் காட்டுல எவன் இருக்கான்?"
கேட்டுக்கொண்டே ஏறி வந்தார் பாக்கியநாதன்,
லோரியில் குலை ஏற்றுகிறவர்,
படிக்கு ஒரு தடவை முழங்காலைத் திட்டியபடி.

இருபத்திரண்டு பக்கம்.
எங்கேயோ யாரோ மொழிபெயர்த்த தமிழ்.
சமவாய்ப்பு முறையில் ஒதுக்கப்படுவீர்கள், என்று வாசித்தேன்.
"அப்படீன்னா?"
காசு சுண்டுவது மாதிரி அண்ணே.
பூ விழுந்தால் மருந்து, தலை விழுந்தால் மாவு.
"எனக்கு எது?"
எனக்குத் தெரியாது.
"டாக்டருக்கு?"
அவருக்கும் தெரியாது.
"பின்ன யாருக்குத்தான் தெரியும்?"
கோலாலம்பூரில் ஒரு கணினிக்கு.
கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.
"முப்பது வருசமா அப்படித்தானே ஓடுது,"
என்று பேனாவை வாங்கிக்கொண்டார்.

அவருடைய எண் 0417.
இறங்கிப் போனவர் நேரே நாலு நம்பர் கடையில்
அதையே எழுதியிருக்கிறார்.
ஆறுதல் பரிசு, அறுபது ரிங்கிட்.
"மருந்து வேலை செய்யுது தங்கச்சி."
எந்தப் பத்தியில் அதைக் குறிப்பது என்று
இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

குணவதி வேறு மாதிரி.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
தானே படித்தாள், ஒரு பக்கம் விடாமல்.
எப்போது வேண்டுமானாலும்
காரணம் கூறாமல் விலகிக்கொள்ளலாம்:
அந்த வரியின்மேல் விரலை வைத்தாள்.
"நான் கையெழுத்துப் போட்ட எதுலயும்
இப்படி ஒரு வரி பாத்ததில்ல."
கல்யாணப் பதிவிலுமா அக்கா?
இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

வயது சரி. சர்க்கரை சரி.
சிறுநீரகம் எல்லைக்கோட்டில், ஆனாலும் சரி.
பதினான்காவது:
களைக்கொல்லி, பூச்சிக்கொல்லிகளுடன்
தொடர்ச்சியான தொடர்பு இருந்ததா?

"பத்தொம்பது வருசம் மருந்து அடிச்சேன்."

தோட்டத்தில் அதற்கும் மருந்து என்றுதான் பேர்.
தோளில் தோம்பு, மூக்கில் நனைந்த துணி,
காற்று திரும்பினால் முகமெல்லாம் மருந்து.
ஆம் என்று குறித்தால் அவள் வெளியே.
"இல்லைன்னு போட்டுக்கோயேன்."
போட முடியாது அக்கா.
"அந்த மருந்து அடிச்சுத்தானே
இந்த மருந்துக்கு வந்து நிக்கிறேன்?"

அன்று ஏறி வந்தவர்கள் நாற்பத்தொரு பேர்.
பதினான்கில் இறங்கிப் போனவர்கள் முப்பத்து மூன்று.
மேலிடத்துக்கு எழுதினேன்:
இந்த ஊரில் இதைக் கேட்டால் மேசைதான் மிஞ்சும்.
மறுநாளே பதில்:
தரவு சுத்தமாக இருக்க வேண்டும்.

குணவதியின் விரல் நகங்கள்
இன்னும் நேராக வளரவில்லை.

அடுத்த வியாழன் வந்தாள்.
அதற்கடுத்ததும். வெறும் வயிற்றோடு.
உங்களைச் சேர்க்கவில்லையே அக்கா.
"தெரியும். நீ எடையைப் பாரு.
யாராச்சும் எழுதி வைக்கணும்ல."
மகளின் கணக்கு நோட்டைத் திருப்பி
பின்பக்கத்தில் கோடு போட்டேன்.
ஐம்பத்தொன்று புள்ளி நான்கு.
நூற்று நாற்பத்தாறுக்குத் தொண்ணூறு.
மைலோவை மடக் மடக்கென்று குடித்தாள்.

ஆய்வு முடிந்தது.
பெட்டிகளுக்கு முத்திரை வைத்துக் கொண்டுபோனார்கள்.
பாக்கியநாதனுக்கு மருந்தா மாவா,
அந்தக் கணினி இன்னும் சொல்லவில்லை.
படியேறும்போது திட்டுவதை மட்டும் நிறுத்தியிருக்கிறார்.

கணக்கு நோட்டில் இப்போது ஏழு பெயர்கள்.
யாருக்கும் எண் கிடையாது.
எடை எந்திரம் எங்கே என்று கேட்டு
இரண்டு கடிதம் வந்துவிட்டது.
தேடிக்கொண்டிருக்கிறேன் என்று
பதில் எழுதியிருக்கிறேன்.