முள்வெளி

ஆறாம் இலக்க மேசைக்கு அவர் கொண்டுவந்தது
ஒரு பொலித்தீன் பை, அதற்குள் ஐந்து தாள்.
ஐந்திலும் ஒரே பெயர்,
ஒன்றுபோல் ஒன்று எழுதப்படவில்லை.

ஞானஸ்நானப் புத்தகப் பிரதியில் திசில்த்வெயிட்.
வாக்காளர் இடாப்பில் தீசல்துவைட்.
வங்கிக்காரர் பாதியில் களைத்துத் திசில் என்று விட்டிருந்தார்.
தகப்பனாரின் மரணச் சான்றிதழில்
திசில் துவைத்து.
"செத்த பிறகு எங்கட அப்பாவ
உடுப்புத் துவைக்க விட்டுட்டீங்க மிஸ்,"
என்றார் ஒஸ்மண்ட். வெல்டிங் கடை, சின்ன உப்போடை.
புருவத்தில் பொறி சுட்ட தழும்பு.
அது எனக்கு முன் இருந்தவரின் கையெழுத்து.
சொல்லவில்லை.

இந்தப் பெயரில் எத்தனை வீடு, என்றேன்.
படிவத்தில் அப்படியொரு கேள்வி கிடையாது.
விரல் மடக்கினார்.
தாண்டவன்வெளியில் ஒன்று, அது அவருடையதே.
டச்பாரில் மூன்று இருந்தன, கடல் வந்த காலைவரை.
மெல்பேர்ணில் ஒன்பதோ பத்தோ,
நத்தாருக்கு மட்டும் கோல் எடுப்பார்கள்.
மிச்சமெல்லாம் இங்கிலாந்தின் வடக்கே, மழைக்குள்,
முகமறியாத சொந்தம்.

பொருள் தேடியது மூத்தவள் ஷார்மைன்.
காடு வெட்டி எடுத்த நிலமாம், அதில் முட்செடியாம்.
"முள்வெளி," என்றேன், யோசிக்காமல்.
அவர் சிரித்தார்:
"அப்ப பஸ் நிக்கும் மிஸ்,
தாண்டவன்வெளிக்கு அடுத்த ஹோல்ட்."

எனக்குக் குடும்பப்பெயர் இல்லை.
முன்னால் ஒரு 'வ', புள்ளி வைத்து. அது அப்பா.
அவருடைய 'த' என்னிடம் வரவில்லை.
குடி உண்டு, அம்மாவின் குடி, அவளுடைய அம்மாவின் குடி.
எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டமில்லை.
கோயில் சடங்கில் கூப்பிடுவார்கள்,
எழுதுவதில்லை,
அதனால் எழுத்துப்பிழையும் இல்லை.

அவருக்கு மூன்றும் பெண்.
"உங்கட முறை எங்களுக்கு இருந்தா
பெயர் தப்பியிருக்கும்,"
முத்திரையை நாக்கில் நனைத்தபடி சொன்னார்.

எதைச் சரியென்று பதிய?
ஷார்மைன் ஐந்தையும் தள்ளிவிட்டு
கைப்பையிலிருந்து ஆறாவதை எடுத்தாள்,
பரீட்சைச் சான்றிதழ்:
டிஸ்டில்வெட்.
"கனடாவுக்கு இதுதான் போயிருக்கு டடா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
நான் எழுத்துக்கூட்டி எழுதினேன்.
இந்த எழுத்தில் இந்தப் பெயருக்கு
உலகத்தில் இப்போது ஒருத்தி.
அழியாத நீல மை.
கடைசி 'ட்' மட்டும்
கொஞ்சம் பெரிதாகிவிட்டது.