எனக்கு முன்னால் வைத்திருந்தவன்

வாங்கப் போனபோது எஞ்சின் சூடாக இருந்தது.
நான் வந்து சேர்வதற்குள்
ஒருமுறை கிளப்பி வைத்துவிட்டார் ரெய்மா.
குளிரில் எடுக்கத் தகராறு செய்கிற வண்டி என்று
கை வைத்ததுமே தெரிந்துவிட்டது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவரும் சொல்லவில்லை.
தோர்னியோவுக்கு வடக்கே,
ஏப்ரல் பனி கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த கொட்டகையில்
ஒரு பொய்யைச் சுற்றி
இரண்டு பேர் மெதுவாக நடந்தோம்.

எழுபத்தாறாம் வருட ஹோண்டா. ஐந்நூற்றைம்பது.
நாலு சிலிண்டர், நாலு கார்புரேட்டர்,
நாலு புகைக்குழாயில் மூன்றுதான் அசல்.
டேங்குக்குள் டார்ச் அடித்தேன், துரு.
வெளியே காந்தத்தை நகர்த்திக்கொண்டே போனேன்.
ஓரிடத்தில் பிடிக்காமல் விழுந்தது.
அங்கே இரும்பில்லை, பட்டி பூசி நிரவிய பள்ளம்.
முந்நூறு யூரோ குறையுங்கள் என்றேன்.
காலடியில் கிடந்த காந்தத்தை
அவரே குனிந்து எடுத்துக் கொடுத்தார்.
"நான் கை வைக்கவில்லையம்மா.
எல்லாம் எனக்கு முன்னால் வைத்திருந்தவன்."

அன்றிலிருந்து கெமியில் எங்கள் வீட்டில்
அவனும் ஓர் ஆள்.

ஜப்பான் திருகின் தலையில் இருப்பது
கடையில் வாங்கும் ஸ்க்ரூடிரைவருக்கான சிலுவை அல்ல.
பார்க்க ஒன்றுபோல இருக்கும்.
ஆழம் வேறு, சரிவு வேறு.
தெரியாத கை அழுத்தித் திருப்பினால்
முனை வழுக்கி மேலேறும், தலை மழுங்கிப்போகும்.
கிளட்ச் மூடியின் பதினொரு திருகில்
ஒன்பதை மழுக்கியிருந்தான்.
பத்தாவதை உளி வைத்து அடித்திருக்கிறான்.
பதினொன்றாவதில் ஒரு கீறல்கூட இல்லை.
அதற்குள் யாரோ சரியான கருவியைக் கொடுத்திருக்க வேண்டும்,
அல்லது
அவன் அழுது முடித்திருக்க வேண்டும்.

காபிக் கோப்பையோடு இல்போ வந்து நிற்பான்.
"இன்றைக்கு என்ன செய்து வைத்திருக்கிறான்?"
ஹெட்லைட் வயரைத் தூண்டில் நரம்பால் கட்டியிருக்கிறான்.
பாயின்ட் இடைவெளியைக் குத்துமதிப்பில் விட்டிருக்கிறான்.
"பாவி," என்பான் இல்போ,
முகம் தெரியாத மைத்துனனைத் திட்டுவது போல.

மூடியைக் கழற்றிய அன்று
கேஸ்கெட் இருக்க வேண்டிய இடத்தில்
அட்டை.
ஓட்ஸ் பெட்டியை வெட்டி வைத்திருக்கிறான்.
எண்ணெய் ஊறிப் பழுத்த ஓரத்தில்
பாதிக் கரண்டிப் படம்,
இரண்டு கூப்பனும் ஆறு மார்க்கும் அனுப்பினால்
முழுக் கரண்டி கிடைக்குமாம்.
மார்க்.
யூரோ வருவதற்கு முன்பிருந்தே
இந்தக் காலை உணவு
எஞ்சின் எண்ணெயைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது.

அட்டை ஆலையில் பத்தொன்பது வருடமாக
தரம் பார்ப்பது என் வேலை.
நகத்தால் கீறினேன். விரலிடுக்கில் மடக்கினேன்.
நீள நார். அரை மில்லிக் கனம்.
எங்கும் ஏடு பிரியவில்லை.
சும்மா சொல்லக் கூடாது,
பார்த்துத்தான் எடுத்திருக்கிறான்.
இல்போவிடம் இதைச் சொல்லவில்லை.

கழற்றும்போது அது கிழிந்தது.
ஒசாகாவிலிருந்து வர வேண்டிய அசல்
சுங்கத்தில் மாட்டிக்கொண்டது.
ஜூலை இரண்டாம் வாரம்.
வியாழன்வரைதான் மழையில்லை என்றது வானொலி.
இங்கே கோடை
யாருக்காகவும் பார்சல் வரும்வரை காத்திருக்காது.

சமையலறைக்குப் போனேன்.
வெந்லாவைக் கடைசிக் கிண்ணம் சாப்பிட வைத்தேன்.
"எனக்குப் பசியில்லை, அம்மா."
"சாப்பிடு."

மூடியின் விளிம்பில் பெட்டியை வைத்து
உருண்டைச் சுத்தியலால் தட்டத் தட்ட
அட்டை தானாக வெட்டுப்பட்டது.
எழுத்து உட்பக்கம் இருக்கட்டும் என்று தோன்றியது.
ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.
இரவு பதினொன்றரைக்கு, வெயிலில்,
நாலாவது உதையில் எடுத்தது.
சிம்மோ வரை போய் வந்தேன்.
ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அசல் ஆகஸ்டில் வந்தது.
உறை பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது.

விற்கிற எண்ணம் இப்போதைக்கு இல்லை.
என்றைக்காவது யாராவது பார்க்க வருகிறேன் என்று சொன்னால்
அவர்கள் கார் திரும்பும் சத்தம் கேட்பதற்குள்
ஒருமுறை கிளப்பி
சூடாக்கி வைத்துவிடுவேன்.