வேதாளைக்கு ஒரு கால்

கண்டக்டர் நம்புராஜனின் கழுத்தில்
ஒரு நரம்பு உண்டு.
அது புடைத்தால் ஏதோ ஓர் ஊர் வருகிறது.
எந்த ஊரென்று நரம்பு சொல்லாது.

அதனால் ஆட்களைப் படிக்கிறேன்.
காலிக் கூடைக்காரி முந்தானையை உதறிச் செருகினால்
உச்சிப்புளி.
கடைசி சீட்டுப் பையன்கள் சீப்பை எடுத்தால்
பிரப்பன்வலசை.
இடது உள்ளங்கை எப்போதும் ஜன்னல் கம்பியில்.
அடுத்தடுத்து மூன்று வேகத்தடை,
பிறகு காற்றில் உப்பும் காயும் மீனும்:
என் ஊர்.

பகலில் தவறியதில்லை.
ஐப்பசி பிறந்தால்தான் சிக்கல்.
தூறல் விழுந்ததும் தகர ஷட்டரை இறக்கிவிடுகிறார்கள்.
உங்களுக்கு நனையாத இருக்கை,
எனக்கு ஊர்களே இல்லாத சாலை.
கடைசி வண்டியில் எல்லோரும் தூங்கிவிட்டால்
படிக்க ஒரு முகமும் மிச்சமில்லை.

அப்படித்தான் ஓர் இரவு மண்டபத்தில் இறங்கி
வந்த வழியே திரும்பி நடந்தேன்.
பின்னால் வந்த லாரி எத்தனை முறை ஹாரன் அடித்ததோ,
பக்கத்தில் வந்து நின்று
டிரைவர் வாயை அகலத் திறந்தார்.
காதைத் தொட்டுக் கையை விரித்தேன்.
திறந்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல்
கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார், பாவம்.

கலெக்டர் ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை.
திங்கள்கிழமைதோறும் மாவட்டத்தின் குறைகளெல்லாம்
என் கைவழியே சூடாக, இரண்டிரண்டாக வெளிவரும்.
பட்டா, முதியோர் பணம், மூன்று மாதமாய் வராத குழாய்த் தண்ணீர்.
மனுவின் இலக்கணம் எனக்கு அத்துப்படி.
நானும் எழுதினேன்:
'பேருந்தில் அடுத்த நிறுத்தத்தின் பெயர்
கண்ணுக்குத் தெரிய வேண்டும்.'

நாற்பதாம் நாள் பதில்:
'தங்கள் கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்பட்டு
மேற்படி வழித்தடத்தில்
ஒலிபெருக்கி பொருத்தப்பட்டுள்ளது.'

சிரித்தேன்.
என் சிரிப்பு ரொம்பச் சத்தம் என்பார்கள்.
வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பியதால்
இருக்கலாம்.

இரண்டாம் மனு. மூன்றாம் மனு.
நாலாவதை நம்புராஜனே டிப்போவுக்கு வாங்கிப்போனார்.
அதுவரைக்கும் என்று, வேதாளை வந்ததும்
என் சீட்டுக் கம்பியில் இரண்டு தட்டு தட்டுவார்.
நல்ல மனுஷன்தான்.
ஆனால் அவர் லீவு போட்டால்
என் ஊரும் லீவு.

அடுத்த ஐப்பசியில்
டிரைவர் தலைக்கு மேலே ஒரு பலகை.
சிவப்பு எழுத்துகள் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஓடின.
முதலில், படியில் பயணம் நொடியில் மரணம்.
அப்புறம் ஒரு ஜவுளிக்கடையின் தள்ளுபடி.
அப்புறம்தான், போனால் போகிறதென்று,
அடுத்த நிறுத்தம்: உச்சிப்புளி.

அன்று பேய்மழை.
கம்பி அதிர்ந்ததில் கூரை படும் பாடு தெரிந்தது.
நரம்பு புடைத்தது, ஒருவரும் அசையவில்லை.
ஒலிபெருக்கியும் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்,
எல்லோரும் காதருகே கை குவித்து
ஒருவரை ஒருவர் 'என்ன, என்ன' என்றார்கள்.
அந்த உதடுகளை எனக்கு நன்றாகத் தெரியும்,
காலமெல்லாம் என் உதடுகள் அவை.
பிறகு ஒவ்வொரு முகமாக மேலே நிமிர்ந்து
படிக்க ஆரம்பித்தது.

வேதளை, என்றது பலகை.

எழுந்து நின்றேன்.
யார் கூடையையும் பார்க்கவில்லை. யாரும் தட்டவில்லை.
நம்புராஜன் வழக்கம்போலத் தூக்கிய கை
பாதியில் நின்று, தன் தலையைச் சொறிந்துகொண்டது.

கணுக்கால் தண்ணீரில் வீட்டுக்கு நடக்கும்போதே
ஐந்தாவதை மனதில் எழுதிவிட்டேன்:

'ஐயா,
பலகை வந்தது. நன்றி.
எங்கள் ஊருக்கு மட்டும்
ஒரு துணைக்கால் குறைகிறது.
திங்கட்கிழமைக்குள் வைத்துத் தரவும்.

இப்படிக்கு,
ராபியத்.
இணைப்பு: நனைந்த பயணச்சீட்டு, நகல் ஒன்று.'