ஆறரை அடி

பைபாஸ் ரோட்டு ஷோரூமில்
குளிர்ந்த கண்ணாடிக்குப் பின்னால்
ஜீப் ஒன்று நிற்கிறது,
சேறே படாத சக்கரங்களோடு.

"ரோடே இல்லாத எடத்துலயும் போகும் சார்"
என்கிறார் ஜெரால்டு.
"அப்ப எங்க தெருவுக்கு வரும்"
என்கிறாள் தவமணி.
அவர் சிரிக்கிறார். அவள் சிரிக்கவில்லை.
ஐப்பசியில் கண்மாய் மறுகால் போனால்
செக்கானூரணியில் எங்கள் சந்து
முழங்கால் ஆழ ஓடை.

லோகித் அதற்குள் ஏறிவிட்டான்.
ஸ்டீயரிங்கைப் பிடித்து
நாகமலையில் நேராக ஏறிக்கொண்டிருக்கிறான்.
உச்சியில் ஹாரன் அடிக்கிறான்.
மூன்று பேர் திரும்பிப் பார்க்கிறார்கள்.

எனக்கும் ஆசைதான்.
மாசச் சம்பளக்காரன் போல
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்
கறிச்சோறு தின்றுவிட்டு
நாலு பேராய்க் கதவைச் சாத்திக்கொண்டு
எங்காவது மேடேறிப் பார்க்க.

ஆனால் என் தொழில் குளிர்பெட்டி.
சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, டியூப்லைட்
எல்லாம் வாடகைக்கு உண்டு,
என்றாலும் போன் வருவது
பெட்டிக்குத்தான்.
ராத்திரி இரண்டு மணிக்கு
கருமாத்தூரிலிருந்து ஒரு குரல்
"அண்ணே, பெட்டி சும்மா இருக்கா?" என்று கேட்கும்.
யாருக்கு என்று நான் கேட்பதில்லை.
கரண்டு இருக்கா என்று மட்டும் கேட்பேன்.

பன்னிரண்டு வருசம் அதைச் சுமந்த
குட்டியானை போன மாசம்
விக்கிரமங்கலம் விலக்கில் படுத்துவிட்டது.
கேத வீட்டுக்காரர்களே
ஓடி வந்து தள்ளினார்கள்.
அழுதபடி தள்ளிய ஒருவர்
நடுவில் கியரைப் பற்றி
யோசனையும் சொன்னார்.

தவமணி தையல்காரி.
பையிலிருந்து இஞ்சு டேப்பை எடுக்கிறாள்.
ஜீப்பின் பின்கதவைத் திறக்கச் சொல்லி
இருக்கையை மடக்கச் சொல்லி
சட்டைக்கு முதுகு எடுப்பதுபோல் அளக்கிறாள்.
நாலே கால்.
"என்ன மேடம் ஏத்தப் போறீங்க?"
"ஆறரை அடி" என்கிறாள்,
என்னவென்று சொல்லாமல்.

பக்கத்தில் பிக்கப்.
எட்டடித் தொட்டி.
பெட்டி தாராளமாய்ப் படுக்கும்,
ஓரத்தில் பந்தல்கால்களும்.
முன்னால் ரெண்டே சீட்டு.
நாங்கள் நாலு பேர்.
பெட்டியோடு யாரை உட்கார வைக்க?
மஞ்சள் போர்டு வேறு.

சுபிக்‌ஷா ஒன்பதாவது படிக்கிறாள்.
குட்டியானையில் பள்ளிக்கு விட்டால்
பாலத்துக்கு இந்தப் பக்கமே இறங்கிக்கொள்வாள்.
கேட்டதில்லை நான்.
வெட்கம் என்று நானே வைத்துக்கொண்டேன்.
இன்றைக்கு
ஷோரூம் கொடுத்த ஜூசை உறிஞ்சியபடி சொல்கிறாள்:
"அதுல ஏசி இல்லப்பா.
வேர்த்துப் போயி எறங்குனா
கிளாஸ்ல உக்கார முடியாது.
நடந்தா காத்து வரும்."
அவ்வளவுதானாம்.
பின்னால் படுத்திருப்பவருக்கு மட்டும்
ஊர் ஊராய்க் குளிர் கொண்டுபோயிருக்கிறேன்.

மூன்றாவதாய் ஒன்று காட்டுகிறார் ஜெரால்டு.
நாலு கதவு, ஐந்து சீட்டு, ஏசி,
பின்னால் குட்டையாய் ஒரு தொட்டி.
தவமணி மறுபடி டேப்பை விரிக்கிறாள்.
ஐந்தடி.
தொட்டிக் கதவைத் திறந்துபோட்டால்
ஒன்றரை அடி வெளியே நீட்டும்.
"நீட்டட்டும்" என்கிறாள்.
"செவப்புத் துணி கட்டிக்கலாம்.
வீட்ல வெட்டுத்துணி நெறைய கெடக்கு."

தவணையைக் கேட்டதும்
எனக்கு ஜூஸ் புளிக்கிறது.
மாசத்துக்கு எத்தனை வாடகை வேண்டும் என்று
மனசு கணக்குப் போடத் தொடங்கி
சட்டென்று நிறுத்திக்கொள்கிறது.
எத்தனை பேர் சாக வேண்டும் என்றல்லவா
அந்தக் கணக்கு முடியும்.

ஜெரால்டு படிவத்தை நீட்டுகிறார்.
"சொந்த உபயோகமா, தொழிலுக்கா?"
பேனா அங்கேயே நிற்கிறது.
"மொதல்ல கலரைக் கேளுங்க சார்"
என்கிறாள் மகள்.
"வெள்ளை வேணாம்."
லோகித் இன்னும் ஜீப்பை விட்டு இறங்கவில்லை.
என் சட்டைப்பையில் போன் அடிக்கிறது.
செல்லம்பட்டி நம்பர்.